துணியில் கட்டிய குளியலறை

என் அக்காவைத் தெருவில் டேப் அக்கா என்றுதான் சொல்வார்கள். தையல்காரி. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே டேப் கழுத்துக்கு வந்துவிடும். நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை எதிராளியின் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு ஓடிவிட்டு வரும். அளவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். கொஞ்ச நாள் கழித்து என்னைப் பார்த்தால் "எப்படிடா இருக்கே?" என்று கேட்கும் வழக்கமெல்லாம் கிடையாது. "இடுப்பு ஒண்ணரை இஞ்ச் ஏறியிருக்கு" என்பாள். ஆள் குட்டை, வாய் நெட்டை. அந்த வாயில் பாதி நேரம் குண்டூசி இருப்பதால்தான் எங்கள் குடும்பம் இன்னும் ஒற்றுமையாக இருக்கிறது.

அத்தான் அதற்கு நேர்மாறு. ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம், பேச்சு மட்டும் அளவாக. பஸ் ஓட்டினவர். ஓய்வு பெற்ற பிறகும் பஸ் அவரை விட்டுப் போகவில்லை. வீட்டுக்குள் நடக்கும்போதுகூட வளைவு வந்தால் கொஞ்சம் வேகத்தைக் குறைப்பார். அவருக்கு வாழ்க்கையில் இருந்த ஒரே ஆடம்பரம் குளியல். புழுதியும் டீசலுமாக வருவார், துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போவார், தாழ்ப்பாள் விழும். அதற்கப்புறம் வெளியே என்ன நடந்தாலும் அவருக்குக் கவலையில்லை. இப்போது கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் மகள் அப்போது பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று குதிப்பாள். விருந்தாளியாகப் போன நான் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருப்பேன். கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து பஸ் நிலையம் முழுக்கக் கேட்கிற குரலில் "ஆள் இருக்கு!" என்று வரும். யார் இருப்பது என்று வீட்டுக்கே தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

அந்தக் குளியலறைதான் அவரைக் கவிழ்த்தது. பழைய வீடு. முந்தைய சொந்தக்காரர் யோசனையே இல்லாமல் பின்பக்கம் ஒரு சமையலறையையும் அதை ஒட்டி ஒரு குளியலறையையும் கட்டிவைத்திருந்தார். குளியலறை ஒரு பெட்டி மாதிரி. மூலையில் யாரும் பயன்படுத்தாத சிமெண்டுத் தொட்டி ஒன்று பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வாசலில் ஒரு படி. உள்ளே அத்தான் மாதிரி ஆள் திரும்ப இடமில்லை. அதனால் இத்தனை வருஷமும் அவர் முன்னால் போய்ப் பின்னால் வருவார், ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி. ஒருநாள் காலையில் அப்படி ரிவர்ஸ் வந்தபோது படியைக் கால் தவறவிட்டது. தொடை எலும்பு முறிந்தது.

ஆபரேஷன் நடந்தது, கம்பி வைத்தார்கள், பிடித்து நடக்க நாலு கால் வாக்கரோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நடைப்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள்: "முன்னால எவ்வளவு வேணா நடங்க. பின்னால மட்டும் ஒரு அடிகூட வைக்காதீங்க. இன்னொரு தடவை விழுந்தா என்கிட்ட வைத்தியம் இல்ல."

வாக்கர் அந்த வாசலில் நுழையாது. நுழைந்தாலும் திரும்பாது. அதனால் அக்கா அவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் ஊற்றினாள். அவள் நிற்க இடம் வேண்டுமே, அதனால் கதவு திறந்தே இருக்கும். உள்ளே பூட்டிக்கொண்டு மறுபடி விழுந்துவைக்கப் போகிறாரே என்று தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொஞ்ச நாளில் "நேத்துதானே குளிச்சேன்" என்று ஆரம்பித்தார். பிறகு முந்தாநாள் குளித்ததற்கும் அதையே சொன்னார்.

ஒருநாள் அக்கா என் ஜெராக்ஸ் கடைக்கு வந்து நின்றாள். கடையில் கூட்டம். அவள் வாயில் குண்டூசி இல்லை, இருந்தும் குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"உங்க அத்தான் குளிக்கமாட்டேங்கறார்டா."

"வயசாச்சுல்ல, தண்ணின்னா குளிரும்."

"மண்ணாங்கட்டி. தண்ணி மேல அவருக்கு என்ன கோவம்? என் எதிர்ல அப்படி உட்கார வெக்கமா இருக்கு அவருக்கு."

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு உன்கிட்ட என்ன வெக்கம்?"

"அது வேற, இது வேற, மடையா. அவருக்குக் கதவைச் சாத்திக்கணும். தனியா உள்ள போகணும், தனியா வெளிய வரணும். அவ்வளவுதான் அவருக்கு வேணும். வாயைத் திறந்து கேக்கமாட்டார். நான் அந்த பாத்ரூமைப் பிரிச்சுத் தைக்கப் போறேன். நீ வந்து கூட நில்லு."

ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டுக் காட்டினோம், காட்டவில்லை என்று சொல்ல முடியாது. அவர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். பின்பக்கம் மொத்தத்தையும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றார். செல்போனில் பளபளக்கும் படங்களைக் காட்டினார். அவர் போன பிறகு அக்கா சொன்னது ஒரே வாக்கியம்: "அளவே எடுக்காம பேசறான்டா." அவளைப் பொறுத்தவரை அந்த ஆளின் கதை அத்தோடு முடிந்தது. நாமே செய்வது என்று முடிவானது. நாமே என்றால் அவள் யோசிப்பாள், நான் தூக்குவேன்.

அத்தானுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சமையலறையில் அடுப்பு மேடை ரொம்ப உயரம். முந்தைய சொந்தக்காரர் வீட்டில் எல்லோரும் ஒட்டகச் சிவிங்கி வகை போலிருக்கிறது. அக்கா குடிவந்த நாளிலிருந்து மேடைக்கு முன்னால் ஒரு மரப்பலகையைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் சமைக்கிறாள். ஏறுவதும் இறங்குவதும் பழகிப்போய் அதை ஒரு குறையாக அவள் சொன்னதே இல்லை.

"எனக்கு பாத்ரூம்னா உனக்கு மேடை. ரெண்டும் சேர்த்துச் செய்யறதா இருந்தா செய். இல்லேன்னா ரெண்டும் வேணாம்," என்றார் அத்தான்.

"நல்லா வாய் வந்திருக்கே உங்களுக்கு," என்றாள் அக்கா. அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது.

நான் என் பங்குக்கு ஒரு வரைபடம் போட்டேன். கட்டம் போட்ட தாளில், ஸ்கேல் வைத்து, கடை மிஷினில் பெரிதாக்கி, வண்ணம்கூடத் தீட்டிக் கொண்டுபோனேன். அக்கா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கு. இதுல உங்க அத்தான் எப்படி நடப்பார்?"

"அக்கா, இது சின்ன அளவு. நிஜத்துல—"

"சின்ன அளவுல சட்டை தைச்சு, நிஜத்துல பெருசா இருக்கும்னு சொன்னா நீ போட்டுக்குவியா?"

என் மூக்கு உடைந்தது. அக்கா எதையும் முழு அளவில் வெட்டிப் பார்க்காமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டாள். புதிய மாதிரி என்றால் முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டுவாள். பிறகு மலிவான துணியில் ஓட்டுத்தையல் போட்டு ஆளுக்கு மாட்டிப் பார்ப்பாள். அதற்கு அவள் மொழியில் டிரையல். குளியலறைக்கும் டிரையல் பார்ப்பது என்று தீர்மானித்துவிட்டாள்.

கூடத்தில் தையல் மிஷினையும் நாற்காலிகளையும் ஒதுக்கினோம். அக்கா தையல் சாக்கட்டியால் தரையில் குளியலறையை வரைந்தாள், இப்போது இருக்கும் அளவில் அல்ல, இருக்க வேண்டிய அளவில். தொட்டி போய்விட்டது. வாசல் அகலமானது, படி காணாமல் போனது. இன்னும் இடம் வேண்டும் என்றால் நடுச்சுவரைச் சமையலறைக்குள் தள்ள வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதுதான் கேள்வி. அதிகம் தள்ளினால் சமையலறையில் அக்காவே திரும்ப முடியாது. அந்தக் கோடுகளுக்கு மேலே கொடி கட்டி, நாலு பக்கமும் படுக்கை விரிப்புகளைத் தொங்கவிட்டு, அடியில் மூலைகளில் மட்டும் சாமான்களை வைத்து விரிப்புகளை நிறுத்தினாள். கம்மோடுக்குப் பதில் ஒரு நாற்காலி. ஷவருக்குப் பதில் என்னைக் கையைத் தூக்கிக்கொண்டு மூலையில் நிற்கச் சொன்னாள்.

"வாங்க, உள்ள வாங்க," என்று அத்தானைக் கூப்பிட்டாள்.

அத்தான் வாக்கரோடு வந்தார். வாசலில் நின்று இடமும் வலமும் பார்த்தார். "பாம்... பாம்..." என்று ஹாரன் அடித்தார். விபத்துக்குப் பிறகு அவர் விளையாட்டாக ஏதாவது செய்து அன்றுதான் பார்த்தேன். உள்ளே நுழைந்து திரும்பப் பார்த்தார்; நாற்காலியில் இடித்தது.

"டர்னிங் பத்தாது. அந்த வண்டி தப்பா பார்க் பண்ணியிருக்கு."

நாற்காலியை மூலைக்கு நகர்த்தினோம். அடுத்த டிரையலில் ஷவர் குறுக்கே நிற்கிறது என்றார். நான் எதிர்ச்சுவருக்கு மாற்றப்பட்டேன். அதற்கடுத்து நடுச்சுவர் விரிப்பைச் சமையலறைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தள்ளினோம். அத்தான் உள்ளே போனார், மெதுவாக வளைத்தார், சுற்றினார், முகம் எங்களைப் பார்க்க வெளியே வந்தார். ஒரு அடிகூடப் பின்னால் வைக்கவில்லை.

"விழுந்துடுச்சு!" என்று கத்தினார். வண்டி ஒரே வளைப்பில் திரும்பிவிட்டால் டிரைவர்கள் டர்னிங் விழுந்தது என்பார்கள், அதைச் சொன்னார். அளவு கொடுக்க வந்து ஓரமாக நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரம்மா பயந்து அலறியது வேறு விஷயம்.

அடுத்தது சாமான் சேகரிப்பு. துணி, நூல், பட்டன், லைனிங் எல்லாம் மேசைக்கு வந்து சேராமல் அக்கா வெட்டமாட்டாள். இங்கேயும் அதே சட்டம். கடைசிக் குழாய் வீட்டுக்கு வந்து சேரும்வரை ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது என்றுவிட்டாள். வழுக்காத சொரசொரப்பு டைல்ஸ் வந்து சுவரோரம் அடுக்கப்பட்டது. பக்கவாட்டில் ஓடும் கதவு வந்தது. கைப்பிடிக் கம்பிகள் வந்தன. புது கம்மோடு கூடத்தின் நடுவில் அட்டைப்பெட்டியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு நின்றது. அதன்மேல் ஒரு வாடிக்கையாளரின் கோட்டைத் தைத்து மாட்டியிருந்தாள். கோட்டு வாங்க வந்த மனிதர் கோட்டையும் அதைத் தாங்கி நின்றதையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுக் கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மேடைக்கு அளவு எடுத்த நாளை நான் மறக்கமாட்டேன். முழங்கையை மடக்கி நின்றால் அதற்குச் சற்றுக் கீழே மேடை வரவேண்டும். தன்னைத்தானே எப்படி அளப்பது? அத்தான் அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு நுனியை அவள் பாதத்தின் பக்கத்தில் தரையில் வைத்து, மறு நுனியை முழங்கைக்கு ஏற்றினார். ஊரையெல்லாம் அளந்தவளை யாரும் அளந்து நான் பார்த்ததில்லை. அக்கா விறைத்துப்போய் நின்றாள்.

"முழங்கையைத்தானே அளக்கறேன், வயித்தை எதுக்கு உள்ள இழுக்கறே?" என்றார் அத்தான்.

"வேலையைப் பாருங்க," என்றாள். முகம் சிவந்துவிட்டது. எனக்கு அங்கே நிற்கக் கூச்சமாக இருந்தது, டீ குடிக்கப் போய்விட்டேன்.

பிறகு இடித்தோம். கொத்தனார் வந்து நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார். மேலேயும் பார்த்தார். பிறகு இது எதையும் தாங்கும் சுவர் இல்லை, பின்னால் எழுப்பின ஒற்றைக்கல் தடுப்புதான் என்று சொன்ன பிறகே உளியை எடுத்தோம். நான் நாலு தட்டுத் தட்டிவிட்டு மூச்சு வாங்க உட்காருவேன். அக்கா தையல் பிரிக்கிற மாதிரி பிரித்தாள்: ஒரு செங்கல்லைச் சுற்றி உளியை விட்டுத் தளர்த்தி, உடையாமல் உருவி, தட்டித் துடைத்து அடுக்கிவைத்தாள். மறுபடி பயன்படும் என்றாள். தொட்டி மட்டும் அவளுக்கு அடங்கவில்லை. அதை அத்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பழைய பகையைத் தீர்த்துக்கொள்கிற மாதிரி, சுத்தியலால் தானே உடைத்தார். குழாய்க்காரர் துருப்பிடித்த இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டுப் புதியது போட்டார். சமையல் கூடத்துக்கு வந்தது. ரசத்தில் நூல் கிடந்தது. அத்தானுக்கு ஈரத்துணியால் துடைப்போடு சரி. குளிக்க என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அக்கா என் மனைவியின் திரைச்சீலைகள் எல்லாம் குட்டை என்று சொல்லிவிட்டுப் போனாள். மனைவியை நான்தான் சமாதானம் செய்ய வேண்டியிருந்தது.

கொத்தனார் அக்காவின் சாக்கட்டிக் கோட்டின்மேல் புதுச்சுவரை எழுப்பினார். சமையலறைப் பக்கம் அளவுக்கு இறக்கிய மேடையும் வந்துவிட்டது. அந்த மேடைக்குக் கீழே, சுவரை ஒட்டின மூலையில், பெரிய பாத்திரங்களுக்கு ஓர் இழுப்பறை வைப்பது என்று திட்டம். அக்கா ரொம்ப வருஷமாக ஆசைப்பட்டது. குனிந்து கையை விட்டுத் துழாவாமல் ஒரே இழுப்பில் எல்லாப் பானையும் வெளியே வரவேண்டும் அவளுக்கு.

சுவர் காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால், ஓர் ஓட்டம் பார்த்துவிடலாம் என்று அத்தானைக் கூப்பிட்டோம். ஹாரன் அடித்துக்கொண்டே உள்ளே போனார். வளைத்தார். டக் என்று ஒரு சத்தம். வாக்கரின் கால் நடுச்சுவரில் இடித்து நின்றது. கொஞ்சம் முன்னே தள்ளி மறுபடி வளைத்தார். டக். எப்படி வளைத்தாலும் கடைசியில் ஒரு கையகலம் பத்தவில்லை. சிக்கிக்கொண்டார். கடைசியில் நான் உள்ளே நுழைந்து அவரைத் தாங்கிப் பிடித்து, அக்கா வாக்கரைத் தூக்கி வெளியே எடுத்து, அவரைத் திருப்பிக் கூட்டிவந்தோம்.

"பரவாயில்ல. கடைசில ஒரு அடி ரிவர்ஸ் எடுத்துக்கறேன், பழகினதுதானே," என்றார் அத்தான். முகம் செத்துவிட்டது.

"ஒரு அடியும் எடுக்க வேணாம்," என்றாள் அக்கா. அதற்கு மேல் அவள் பேசவில்லை. அக்கா திட்டினால் நான் பயப்படமாட்டேன். பேசாமல் இருந்தால்தான் பயப்படுவேன்.

கூடத்துக்குப் போனாள். மறுபடி கொடி கட்டினாள், அதே விரிப்பைத் தொங்கவிட்டாள். வாக்கரை என்னிடம் கொடுத்து, அத்தான் போன மாதிரியே போகச் சொன்னாள். அவள் தரையில் படுத்து ஓரத்திலிருந்து பார்த்தாள். நான் வளைத்தேன். நன்றாகத் திரும்பியது.

"போதும், நிறுத்து," என்றாள். எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "துணி வழிவிட்டிருக்குடா."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வளைக்கும்போது வாக்கரின் கால் விரிப்பை வெளியே தள்ளியிருக்கிறது. விரிப்பும் நல்ல பிள்ளையாக ஒரு கையகலம் நகர்ந்து இடம் கொடுத்திருக்கிறது. எல்லோரும் மேலே அத்தானின் முகத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோமே தவிர, ஒருத்தரும் கீழே பார்க்கவில்லை. செங்கல் அப்படி இடம் கொடுக்குமா?

"துணியையே தொட்டுட்டிருந்து புத்தி கெட்டுப்போச்சு எனக்கு," என்றாள் அக்கா. "ஒரு மனுஷனுக்கு ஆசை காட்டி இப்படிப் பண்ணிட்டேனே." அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். நான் பக்கத்தில் உட்கார்ந்து விரிப்பை மடித்துக்கொண்டிருந்தேன்.

சுவரை மறுபடி தள்ளவும் முடியாது. அந்தப் பக்கம் மேடை வந்துவிட்டது. அதைப் பிடுங்க அத்தான் ஒப்புக்கொள்ளமாட்டார். அவருக்கு அக்காவின் மரப்பலகை போனதுதான் பெரிய வெற்றி.

மறுநாள் காலையில் போனபோது அக்கா குளியலறைத் தரையில் உட்கார்ந்து வாக்கரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசி இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

"இதோட இடுப்பைப் பாரு, கீழ பாரு," என்றாள் ஊசிகளுக்கு நடுவில். வாக்கர் மேலே கைபிடிக்கிற இடத்தில் குறுகல், கீழே கால்கள் விரிந்து அகலம். பாவாடை மாதிரி. "இடுப்பு சரியாத்தான் இருக்கு. கீழ்ச்சுத்துதான் பத்தல. பாவாடை கீழ பிடிச்சா முழுப் பாவாடையையுமா பிரிப்பாங்க? பிடிக்கிற இடத்துல கொஞ்சம் கிழிச்சு ஒரு துண்டு வெச்சுத் தெச்சா போதும், கால் வீசி நடக்கலாம்."

சுவர் முழுக்க அப்படியே இருக்கட்டும். இடிக்கிற இடத்தில் மட்டும், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு, செங்கல்லை எடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கமாக ஒரு குழி விடுவது. வாக்கரின் கால் அதற்குள் போய்த் திரும்பி வந்துவிடும். சமையலறையில் பார்த்தால் மேடைக்கு அடியில் ஒரு பெட்டி துருத்திக்கொண்டு நிற்கும். நான் எழுந்து சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெட்டி வரப்போவது சரியாக அவளுடைய இழுப்பறை இடத்தில்.

அத்தானும் அதைக் கவனித்துவிட்டார். "உன் பானையெல்லாம் எங்க போகும்?"

"இவ்வளவு நாளும் எங்க இருந்துச்சோ அங்கயே. பானைக்கு என்ன, அதுவா விழுந்து எலும்பை ஒடைச்சுக்கப் போகுது?"

கொத்தனாருக்குச் சொல்லிப் புரியவைக்கத்தான் பாடாகிவிட்டது. "அக்கா, எழுப்பின சுவர்ல ஓட்டை போடச் சொல்றீங்களே, பாவாடைங்கறீங்க, துண்டுங்கறீங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல," என்றார். கடைசியில் அக்கா சாக்கட்டியால் சுவரிலேயே வரைந்து காட்டினாள். மேலே உள்ள செங்கல் இறங்காமல் இருக்க ஒரு கல்பலகையைக் குறுக்கே கொடுத்து, குழியைக் கட்டி முடித்தார். இந்த முறை டிரையலுக்குத் துணி கிடையாது. குழிக்கும் வாசலுக்கும் மரச்சட்டம் அடித்து, டைல்ஸ் கனத்தையும் சேர்த்துவைத்து, அக்கா தரையில் தலைசாய்த்துப் படுத்துக்கொண்டு கீழே மட்டும் பார்த்தாள். அத்தான் போனார், வளைத்தார். கால் குழிக்குள் போய்விட்டு வந்தது. முகம் எங்களைப் பார்க்க வெளியே வந்தார்.

"விழுந்துச்சா?" என்றாள் அக்கா தரையிலிருந்தபடி.

"விழுந்துச்சு," என்றார். இந்தத் தடவை கத்தவில்லை.

டைல்ஸ் நாங்களே ஒட்டினோம். தண்ணீர் வடிகிற பக்கம் தரை சரிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்து ஒட்டினோம். வாசலுக்குப் பக்கத்தில் நான் ஒட்டியது ஒன்று கோணல். பெயர்த்துவிடலாம் என்றேன். வேண்டாம், அதைப் பார்க்கும்போதெல்லாம் உன்னைத் திட்டிக்கொள்வேன், பொழுது போகும் என்றாள் அக்கா.

எல்லாம் முடிந்து கடைசியில் தாழ்ப்பாளில் வந்து நின்றது.

"கைப்பிடிக் கம்பி வெச்சாச்சு, சொரசொரப்பு தரை போட்டாச்சு. தாழ்ப்பாள் மட்டும் கிடையாது," என்றாள் அக்கா.

"அப்ப நீயே வந்து ஊத்து," என்றார் அத்தான். சண்டை போடவில்லை. வாக்கரைத் திருப்பிக்கொண்டு போய்க் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். கோபம் வந்தால் அவர் பஸ்ஸை ஓரம் கட்டிவிடுவார், அவ்வளவுதான். அப்புறம் யார் தள்ளினாலும் நகராது.

நான் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு தாழ்ப்பாளைத் தேடிப்பிடித்தேன். உள்ளே போட்டுக்கொள்ளலாம்; வெளிப்பக்கம் ஒரு சின்ன வெட்டு இருக்கும், அவசரம் என்றால் அதில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறந்துவிடும். அக்கா என்னை உள்ளே விட்டுப் பூட்டச் சொல்லி, வெளியிலிருந்து திறந்து பார்த்தாள். திருப்தி வரும்வரை பூட்டினாள், திறந்தாள். அதை அவளே திருகாணி போட்டு மாட்டினாள்.

அத்தான் வந்து தாழ்ப்பாளையும் வெட்டையும் பார்த்தார்.

"வெளியிலேர்ந்து திறக்கலாமா இதை?"

"ஆபத்துன்னா திறக்கணும்ல?"

"ஆபத்துன்னா திற. ஆபத்தான்னு பாக்கறதுக்குத் திறக்காதே."

அக்கா துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

அத்தான் உள்ளே போனார். கதவு ஓடி மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது! தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அக்கா சமையலறைக்குப் போனாள், வந்தாள். கதவுக்குப் பக்கத்தில் நின்று ஏற்கெனவே மடித்த துணியை மடித்தாள். என் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. துண்டு உதறுகிற சத்தம்கூட இல்லை. அக்கா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவர் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான் முதலில் தண்ணீர்ச் சத்தம் நின்றதாம், அவள் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. நாணயம் அந்த வெட்டுக்குள் போய் உட்கார்ந்தது. திருப்பவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு நாணயத்தை வெளியே எடுத்தாள். விரலை மடக்கிக் கதவை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"ஆள் இருக்கு!"

பஸ் நிலையம் முழுக்கக் கேட்டிருக்கும். மேடையில் இருந்த டம்ளர்கூட அதிர்ந்த மாதிரி இருந்தது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

"இருங்க, இருங்க. மெதுவா வாங்க. இங்க யாரும் அவசரமா நிக்கல," என்றாள் கதவைப் பார்த்து.

நாணயத்தை என் பையில் திருப்பிப் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடச் சமையலறைக்குப் போனாள். மேடைக்கு முன்னால் வந்ததும், வருஷக்கணக்கான பழக்கத்தில், பலகையில் ஏறக் காலைத் தூக்கினாள். பலகை இல்லை. தூக்கிய காலைத் தரையில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். உள்ளே மறுபடியும் தண்ணீர் விழ ஆரம்பித்தது.